ஃபுல் டேங்க் போட்டதும் முள் ஏன் தாவுகிறது தெரியுமா?

பங்க்கில் ஃபுல் டேங்க் போட்டு, பணம் கட்டி, சாவியைத் திருகுகிறீர்கள். பெட்ரோல் முள் பாதியில் நிற்கிறது! நாலு கிலோமீட்டர் போவதற்குள் மெல்ல உச்சிக்கு ஏறுகிறது. ஒரு வளைவில் சடாரென்று அடிமட்டத்துக்கு விழுகிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது. அடுத்த சிக்னலில் பார்த்தால் முக்கால்! பங்க்காரர் அளவில் கை வைத்துவிட்டாரா, டேங்க் ஒழுகுகிறதா, மீட்டரே போய்விட்டதா என்று மனசு கிடந்து அலைகிறது. கொஞ்சம் பொறுங்கள். முள் எப்போது தாவுகிறது, எந்த இடத்தில் தாவுகிறது, மேலே தாவுகிறதா கீழே விழுகிறதா என்பதைக் கவனித்தாலே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சின்ன முள்ளுக்குப் பின்னால் இருக்கிற சங்கதிகள் ஒவ்வொன்றும் ஆச்சரியம்!

முதல் ஆச்சரியம் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. கேமராவும் ரேடாரும் வைத்த இன்றைய காரிலும் பெட்ரோலை அளப்பது பெரும்பாலும் ஒரு மிதவைதான், தெரியுமா? வீட்டு ஃப்ளஷ் டேங்க்கில் தண்ணீரோடு ஏறி இறங்குகிற மிதவை செய்யும் அதே வேலை. கம்பியின் ஒரு முனையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டை. மறுமுனையில் இரண்டு மூன்று மெல்லிய உலோக விரல்கள். பெட்ரோல் ஏற ஏறக் கம்பி உயரும். விரல்கள் ஒரு பீங்கான் தகட்டின் மேல் அச்சிட்டிருக்கும் மின்தடைப் பாதையை உரசிக்கொண்டே நகரும். விரல் நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்தடை மாறும், மின்தடைக்கு ஏற்ப முள் நகரும். நம் மெக்கானிக்குகள் இந்த மொத்த அமைப்பையும் ‘ஃப்ளோட்’ என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் மின்சாரம் ஓடுகிற ஒரு தொடுமுனை, பெட்ரோலுக்குள்ளேயே உரசிக்கொண்டிருக்கிறது! வெடிக்காதா? வெடிக்காது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால்தான் தீப்பற்றும். மூடிய டேங்க்குக்குள் ஆவி அதைவிட அடர்த்தியாக நிற்கும், எரிவதற்கு வேண்டிய காற்று அங்கே போதாது. அதோடு ஃப்ளோட்டுக்குப் போகிற மின்னோட்டமும் மிகச் சொற்பம். டேங்க்கைத் திறந்துவைத்து வேலை பார்க்கும்போது இந்தக் கணக்கு அடியோடு மாறிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. உள்ளே காற்று நுழைந்த அந்த நேரத்தில்தான் ஆபத்தே.

இந்த முள்ளே இல்லாமல் உலகம் கார் ஓட்டிய காலமும் உண்டு! ஃபோர்டு மாடல் டி காரில் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, அளவுக்கோடு போட்ட குச்சியை விட்டுப் பார்ப்பார்கள். அதற்கு அடுத்து 1927 கடைசியில் வந்த மாடல் ஏ-யில் டேங்க் டேஷ்போர்டுக்கு முன்னால், ஏறத்தாழ ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலேயே இருந்தது. டேங்க்குக்குள் மிதக்கும் கார்க் கட்டை, எண் போட்ட ஒரு வில்லையை நேராகத் திருப்பும். டேஷ்போர்டில் இருந்த சின்னக் கண்ணாடிச் சன்னலில் அதைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒயரும் இல்லை, மின்சாரமும் இல்லை! அதே காலத்தில் ‘கிங்-சீலி டெலிகேஜ்’ என்று ஒன்று வந்தது. டேங்க்கின் அடியில் பெட்ரோல் கொடுக்கும் அழுத்தம், ஒரு மெல்லிய குழாயில் அடைபட்ட காற்று வழியாக டேஷ்போர்டு வரை வரும். அங்கே கண்ணாடிக் குழலில் வண்ணத் திரவம் ஏறி இறங்கி அளவைக் காட்டும். வண்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் நிற்பது போலவே இருக்கும்!

இதைவிட வியப்பு ஃபோக்ஸ்வாகன் பீட்டில். கோடிக்கணக்கில் விற்ற அந்த வண்டிக்கு 1962 மாடல் வரும் வரை பெட்ரோல் மீட்டரே கிடையாது. என்ஜின் திக்கித் திணறும்போது, காலுக்கு அருகே இருந்த ஒரு திருகைத் தட்டி ரிசர்வுக்கு மாற்றிக்கொள்வார்கள். நம் ஊரில் பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டேங்க்கைக் குலுக்கி, காதைக் கொடுத்துக் கேட்டு, ரிசர்வும் தீர்ந்தால் வண்டியை ஒரு பக்கம் சாய்த்துக் கடைசிச் சொட்டையும் இறக்கி வீடு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்!

சரி, பெட்ரோல் போட்டதும் முள் ஏன் குழம்புகிறது? காசு செலவில்லாத காரணத்தை முதலில் பார்ப்போம். சாவியை ஆன் நிலையில் விட்டபடி பெட்ரோல் போட்டீர்களா?

டேங்க்கில் பெட்ரோல் ஒரு நொடியும் சும்மா இருப்பதில்லை. பிரேக் பிடித்தால் முன்னே பாயும், திரும்பினால் ஒரு பக்கம் ஒதுங்கும். மிதவை சொல்வதை அப்படியே காட்டினால் முள் பேயாட்டம் ஆடும். அதனால் மீட்டருக்குள் இருக்கும் கணினி அவசரப்படாது. பல நிமிடங்களின் அளவைச் சேர்த்துச் சராசரி பார்த்துத்தான் முள்ளை நகர்த்தும். திடீரென்று மிதவை உயர்ந்தால் ‘இது அலம்பல்’ என்று எடுத்துக்கொள்ளும்! சாவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால், பல கார்களில் அது புதிதாக ஒரு அளவை எடுத்து உடனே காட்டிவிடும். சாவி ஆனிலேயே இருந்தால் பழைய சராசரியிலிருந்து ஊர்ந்து ஊர்ந்துதான் மேலே வரும். ஃபுல் டேங்க் போட்டும் முள் பாதியில் நின்று மெல்ல ஏறியதன் ரகசியம் பல நேரம் இவ்வளவுதான்! சில கார்களில் இன்னொரு விசேஷமும் உண்டு. கொஞ்சமாக இரண்டு மூன்று லிட்டர் மட்டும் போட்டால், பெட்ரோல் போட்டதையே கணினி கணக்கில் எடுப்பதில்லை.

பங்க்கின் தரை சரிவாக இருந்தாலும் இதே கதை. இன்றைய டேங்க்குகள் பின் சீட்டுக்கு அடியில் தட்டையாகப் பரந்து கிடப்பவை. வண்டி லேசாகச் சாய்ந்தாலே பெட்ரோல் ஒரு மூலைக்குப் போய்விடும். சரிவில் நின்றபடி சாவி போட்டால் அந்தப் பொய் அளவையே முதல் அளவாகக் கணினி பிடித்துக்கொள்ளும். ஆகவே முதல் சோதனை இதுதான்: சமதரையில் நிறுத்தி, சாவியை முழுசாக எடுத்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். முள் சரியான இடத்துக்கு வந்து அங்கேயே நின்றால் ஃப்ளோட்டில் குற்றமில்லை.

பக்கத்திலேயே இன்னொரு சந்தேகமும் எல்லோருக்கும் வரும். டேங்க் நிறைந்த பிறகு எழுபது, எண்பது கிலோமீட்டர் ஓடியும் முள் உச்சியை விட்டு அசையவே இல்லை, பிறகு மடமடவென்று இறங்குகிறது, இது கோளாறா? கோளாறே இல்லை! டேங்க் உச்சி வரை நிறைவதற்கு முன்பே மிதவை தன் கம்பி அனுமதிக்கிற உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஏறுகிற பெட்ரோலில் மிதவை மூழ்கியபடி காத்திருக்கும். அந்தப் பெட்ரோல் செலவாகி மட்டம் கீழே வந்த பிறகுதான் கம்பியே அசையத் தொடங்கும். டேங்க்கும் நேரான பெட்டி இல்லை. சைலன்சர் குழாய்க்கு ஒரு பள்ளம், ஆக்ஸிலுக்கு ஒரு பள்ளம் என்று ஏகப்பட்ட நெளிவு. ஒரே உயரம் இறங்க ஓரிடத்தில் மூன்று லிட்டர் செலவாகும், இன்னோரிடத்தில் ஐந்து லிட்டர் ஆகும்.

இனி, 2004-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். ஃபுளோரிடா, லூசியானா மாநிலங்களில் ஷெல், டெக்சகோ பங்க்குகளில் பெட்ரோல் போட்டவர்களின் மீட்டர்கள் வரிசையாகப் பைத்தியம் பிடித்து ஆடத் தொடங்கின! டேங்க் காலியாகிக்கொண்டிருக்கும்போது நிறைந்ததாகக் காட்டக்கூடும் என்று எச்சரிக்கை வந்தது. நூற்றுக்கணக்கான பங்க்குகளில் விற்பனையை நிறுத்தினார்கள். காரணம் என்ன தெரியுமா? நியூ ஆர்லியன்ஸ் அருகே நார்கோ என்ற ஊரிலுள்ள மோட்டிவா சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்த பெட்ரோலில், தனிமக் கந்தகம் அளவுக்கு மேல் இருந்துவிட்டது. என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடி வாங்கியது ஃப்ளோட்டின் தொடுமுனைகள்! அவை வெள்ளி கலந்த உலோகத்தால் ஆனவை. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும், மேலே வெள்ளி சல்ஃபைடு என்ற படலம் படியும். பெண்கள் அணிகிற வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவதும் இதே வேதிவினைதான். கொலுசு கறுத்தால் அழகுதான் குறையும். தொடுமுனை கறுத்தால் மின்சாரம் விட்டு விட்டுப் போகும், முள் தாவும். அந்தக் கூத்துக்குப் பிறகுதான் அமெரிக்கப் பெட்ரோல் தரவிதியான ஏஎஸ்டிஎம் டி4814-இல் வெள்ளித் தகட்டுச் சோதனை சேர்ந்தது. பெட்ரோலில் ஒரு வெள்ளித் துண்டை ஊறப்போட்டு, அது கறுக்கிறதா என்று பார்க்கிறார்கள்! ஒரு சின்ன முள் தடுமாறியதற்காக ஒரு நாட்டின் எரிபொருள் விதியே மாறியது என்றால் பாருங்கள்.

நம் நாட்டில் பிஎஸ்-4 காலத்தில் பெட்ரோலில் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்றிருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் அது 10 பங்காக இறங்கியது. மீட்டர்களுக்கு நல்ல காலம்! ஆனால் இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் ஊரெங்கும் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெறும் பெட்ரோலைவிட மின்சாரத்தையும் கொஞ்சம் கூடுதலாகக் கடத்தும். தொடுமுனை அரிப்புக்கு இரண்டுமே தோதானவை. மாதக்கணக்கில் ஓட்டாமல் பழைய பெட்ரோலோடு நிறுத்திவைக்கிற வண்டிகளில் ஃப்ளோட் தகராறு அதிகம் வருவதற்கு இந்தப் படிவுகளே பெரும் காரணம். இவற்றைக் கரைக்க, பாலிஈதர்அமின் சேர்ந்த டேங்க் சுத்திகரிப்பான் ஒரு பாட்டில் ஊற்றி, அந்த டேங்க் தீரும் வரை ஓட்டிப் பார்க்கலாம். கறுப்புப் படலம் மெல்லியதாக இருந்தால் முள் திருந்திவிடுவதுண்டு. பாதையே தேய்ந்துவிட்டிருந்தால் எந்த மருந்தாலும் பலனில்லை.

தேய்ந்த பாதை எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு பட்டறையில் கழற்றிவைத்த ஃப்ளோட்டை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் இரண்டைச் சேர்த்துவைத்த அளவுக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் தகடு. அதில் விசிறி விரித்தது போல மெல்லிய வெள்ளிக் கோடுகள் வரிசையாக இருந்தன. ஓரங்களில் பளபளப்பு. நடுவில் மட்டும் விரல் ஓடிய தடம் கரிக்கோடு இழுத்ததுபோல் கறுத்து, கோடுகள் ஏழெட்டு இருந்த இடமே தெரியாமல் தேய்ந்து போயிருந்தன. மெக்கானிக் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் கனெக்டரில் வைத்துக்கொண்டு, மிதவையைக் கையால் மெல்லத் தூக்கினார். எண்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்தன. முக்கால் தூரத்தில் திரையில் எண் மறைந்து ‘ஓஎல்’ என்று, அதாவது தொடர்பு அறுந்தது என்று வந்தது. இன்னும் ஒரு நூல் தூக்கினார், மறுபடி எண் வந்தது. "இந்த இடத்துலதான் சார் முள்ளு விழுது" என்றார். வண்டிக்காரர் இரண்டு முறை மீட்டரையே மாற்றிப் பார்த்தவர். கோளாறு இருந்ததோ அரிசி அகலமே உள்ள ஒரு தேய்மானத்தில்!

இதிலிருந்து ஒரு பெரிய துப்பு கிடைக்கிறது. முள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், முக்காலில் என்றால் முக்காலிலேயே, தாவினால் அது தேய்ந்த பாதை. எந்த இடம் என்று இல்லாமல், பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் தாவினால் ஒயர், கனெக்டர், எர்த் ஆகியவற்றில் ஒன்று. ஓரிடத்துக்கு மேல் ஏறவே ஏறாமல், அங்கேயே கல்லாய் நின்றால் மிதவை எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து கனத்துப்போய்விட்டது. பழைய பித்தளை மிதவைகளில் ஊசித் துளை விழுந்தால் இப்படித்தான் ஆகும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே சலசலக்கும்!

ஒயர் அறுந்தால் முள் எந்தப் பக்கம் போகும் தெரியுமா? கம்பெனிக்குக் கம்பெனி நேர் எதிராகப் போகும்! பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் டேங்க் காலி என்றால் 0 ஓம், நிறைந்தால் 90 ஓம். பழைய ஃபோர்டில் காலி என்றால் 73 ஓம், நிறைந்தால் 10 ஓம். ஐரோப்பிய விடிஓ மீட்டர்களில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஒயர் அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் போய்விடும். அதனால் ஜெனரல் மோட்டார்ஸ் முள் உச்சியையும் தாண்டி முட்டிக்கொண்டு நிற்கும். ஃபோர்டு முள் அடியில் படுத்துவிடும். ஒரே கோளாறு, ஒரு காரில் ‘நிறைவு’ என்றும் இன்னொரு காரில் ‘காலி’ என்றும் தெரிகிறது! விலை மலிவென்று வேறு கம்பெனி ஃப்ளோட்டை வாங்கி மாட்டினால் பெட்ரோல் போடப் போட முள் இறங்கும் விந்தையும் நடக்கும். புது ஃப்ளோட் வாங்கும்போது வடிவம் பொருந்துகிறதா என்று பார்ப்பதைவிட ஓம் கணக்கு பொருந்துகிறதா என்று பார்ப்பது முக்கியம்.

எர்த் விஷயம் இன்னும் சுவாரசியம். இரவில் இண்டிகேட்டர் போடுங்கள். விளக்கு மினுக்கும் தாளத்துக்கே பெட்ரோல் முள்ளும் துடிக்கிறதா? ஹெட்லைட் போட்டால் முள் ஒரு கோடு நகர்கிறதா? அப்படியானால் ஃப்ளோட்டைத் தொடவே வேண்டாம்! எர்த் முனை துருப்பிடித்து, விளக்கின் மின்சாரமும் ஃப்ளோட்டின் மின்சாரமும் ஒரே குறுகிய வழியில் நெருக்கியடித்துத் திரும்புகின்றன. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் தேய்த்து இறுக்கினால் முடிந்தது. கடலோர ஊர் வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் வேறொரு சங்கதியும் உண்டு. ஸ்மித்ஸ் மீட்டர்களுக்கு 10 வோல்ட் மட்டும் கொடுக்க ஒரு தனிப் பெட்டி இருக்கும். அது பழுதானால் பெட்ரோல் முள்ளும் சூடு காட்டும் முள்ளும் சேர்ந்தே ஏறும். இரண்டு முள் ஒன்றாகத் தப்பு செய்தால் குற்றவாளி டேங்க்கில் இருக்க வாய்ப்பே இல்லை.

மீட்டரே குற்றவாளியாக இருந்ததும் உண்டு. 2003 முதல் சில ஆண்டுகள் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப், எஸ்யூவி வண்டிகளில் ஒவ்வொரு முள்ளுக்கும் பின்னால் ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டார் இருந்தது. அவை ஏராளமான வண்டிகளில் செத்துப்போய், வேக முள்ளும் பெட்ரோல் முள்ளும் நினைத்த இடத்தில் நின்றன. கம்பெனியே சிறப்பு உத்தரவாதம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டி வந்தது. உங்கள் காரில் பல முட்கள் ஒரே நேரத்தில் தடுமாறினால் இந்தப் பக்கமும் பாருங்கள்.

இரட்டை டேங்க் கதை தெரியுமா? பின் சக்கரத்தால் ஓடும் கார்களில் நடுவே சுழலும் ஷாஃப்ட் போக வேண்டும். அதனால் டேங்க்கைக் குதிரைச் சேணம்போல் இரு பக்கமும் தொங்கவிட்டுச் செய்கிறார்கள். பிஎம்டபிள்யூ இ46 போன்ற கார்களில் இரு பக்கத்துக்கும் தனித்தனி ஃப்ளோட், இரண்டையும் கூட்டித்தான் முள் காட்டும். பம்ப் இருப்பதோ ஒரு பக்கம். மறுபக்கப் பெட்ரோலை, பெட்ரோலின் வேகத்தையே வைத்து உறிஞ்சி இழுக்கும் ஒரு ஜெட் குழல் இந்தப் பக்கம் கொண்டுவருகிறது, அதற்குத் தனி மோட்டாரே இல்லை! அது அடைத்துக்கொண்டால், முள் கால் டேங்க் காட்டும்போதே வண்டி நின்றுவிடும். பெட்ரோல் இருக்கிறது, பம்ப் இருக்கும் பக்கத்தில் இல்லை! அந்தக் காரின் மீட்டரில் மறைந்திருக்கும் ஒரு சோதனைப் பட்டியல் உண்டு. டிரிப் பொத்தானை அழுத்திப் பிடித்து அதற்குள் போனால், இடது டேங்க்கில் எத்தனை லிட்டர், வலது டேங்க்கில் எத்தனை லிட்டர் என்று தனித்தனியாகவே காட்டிவிடும்.

பெட்ரோல் மீட்டர் வேலை செய்யாமல் போனதன் உச்சக்கட்டக் கதை நடந்தது வானத்தில்! 1983 ஜூலை 23. கனடாவின் மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்டது ஏர் கனடா 143, புத்தம்புது போயிங் 767. அதன் எரிபொருள் மீட்டர் முழுவதும் இருண்டு கிடந்தது. காரணம், பிறகு கண்டுபிடித்தபடி, ஒரு சரியில்லாத சால்டர் ஒட்டு! சரி, மாடல் டி காலத்து வழக்கம்போல் குச்சி விட்டே அளப்போம் என்று, இறக்கைக்கு அடியிலுள்ள அளவுகோல்களால் அளந்தார்கள். லிட்டர் கணக்கு கிடைத்தது. அதை எடையாக மாற்ற வேண்டும். கனடா அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். ஒரு லிட்டருக்கு சுமார் 0.8 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில் 1.77 என்று பெருக்கிவிட்டார்கள். அது பவுண்டுக் கணக்கு! 22,300 கிலோ வேண்டிய விமானம், அதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு பறந்தது.

41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானத்தில் இரண்டு என்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காக்பிட் திரைகள் பெரும்பாலும் இருண்டன. கேப்டன் பாப் பியர்சனுக்கு என்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டிய அனுபவம் இருந்தது. துணை விமானி மாரிஸ் குயின்டல் முன்பு விமானப்படையில் இருந்தபோது கிம்லி என்ற ஊரின் தளத்தில் பணியாற்றியவர். அங்கே இறக்கலாம் என்று அவர்தான் சொன்னார். அந்தத் தளம் மூடப்பட்டு, அதன் ஓடுபாதை ஒன்று கார் பந்தயத் தடமாகியிருந்தது அவருக்குத் தெரியாது! அன்று அங்கே பந்தயக் குடும்பங்களெல்லாம் கூடியிருந்தன. சத்தமே இல்லாமல் ஒரு ஜெட் விமானம் தலைக்கு மேல் இறங்கி வருவதை நினைத்துப் பாருங்கள்! விமானத்தின் முன் சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் தேய்ந்து, பந்தயத் தடத்தின் நடுத் தடுப்பில் உரசி நின்றது. உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள், தரையில் இருந்த ஒருவருக்கும் காயமில்லை. ‘கிம்லி கிளைடர்’ என்று உலகமே பெயர் வைத்த அந்த விமானம் பழுது பார்க்கப்பட்டு, 2008 வரை பறந்தது!

தரைக்கு வருவோம். பங்க் துப்பாக்கி டேங்க் நிறைந்ததும் ‘டக்’கென்று தானே நிற்கிறதே, அதில் மின்சாரமே இல்லை தெரியுமா? மூக்கின் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கும். பெட்ரோல் ஓடும்போது அந்தத் துளை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோல் மட்டம் ஏறித் துளையை மூடியதும் காற்று நிற்கும், உள்ளே வெற்றிடம் கூடி ஒரு சவ்வை இழுக்கும், விசை விடுபடும். அந்த முதல் ‘டக்’கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்! "ரவுண்டா போடுப்பா" என்று சொல்லித் திணிக்கிற பெட்ரோல், ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டிக்குள் போய்விடும். அது நனைந்தால் பெட்ரோல் வாசனையும், நிரப்பியதும் என்ஜின் தயங்கித் தயங்கிக் கிளம்புவதும் தொடங்கும். டேங்க் கொள்ளளவைவிடப் பில்லில் அதிக லிட்டர் வருவதும் பெரும்பாலும் இதனால்தான். கம்பெனி சொல்கிற அளவு, ஆவிக்கு விட்ட இடத்தையும் கழுத்துக் குழாயையும் சேர்க்காத அளவு.

இருந்தாலும் பங்க் மேல் சந்தேகம் தீரவில்லையா? முள்ளை வைத்துச் சண்டை போடாதீர்கள். ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவை இருக்க வேண்டும். நீங்கள் கேட்டால் உங்கள் கண் முன்னால் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் எடையளவுச் சட்டப்படி புகார் கொடுக்கலாம், தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. வண்டி முள்ளைவிட அந்த அளவை ஆயிரம் மடங்கு நம்பகமான சாட்சி.

சிஎன்ஜி வண்டிக்காரர்களுக்கும் ஒரு ஆச்சரியம் உண்டு. நிரப்பியதும் நாலு பச்சை விளக்கும் எரிந்து, அரை மணி நேரத்தில் ஒன்று அணைந்தால் கேஸ் கசிகிறது என்று பதறிவிடாதீர்கள். சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் வேகமாக அடைக்கும்போது கேஸ் சூடாகும். பிறகு ஆறும்போது அழுத்தம் தானாகக் குறையும். அந்த விளக்குகள் காட்டுவது அழுத்தத்தை மட்டும்தான், அதனால் விளக்கு ஒன்று அணைகிறது. வாசனை வந்தால் மட்டும் உடனே வால்வை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

உரசித் தேயாத ஃப்ளோட்டும் வந்துவிட்டது! விடிஓ கொண்டுவந்த மேப்ஸ் என்ற வகையில் தொடுமுனைகள் முழுக்கச் சீல் வைத்த பெட்டிக்குள் இருக்கும். வெளியே கம்பியோடு ஒரு காந்தம் நகரும், உள்ளே மெல்லிய தகட்டு நாக்குகள் காந்தத்தால் இழுபட்டுத் தொடும். பெட்ரோலும் கந்தகமும் எத்தனாலும் தொடுமுனையைத் தொடவே முடியாது. உங்கள் காருக்கு இந்த வகை பொருந்துமா என்று ஸ்பேர்ஸ் கடையில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

மெக்கானிக்கிடம் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். முள் எந்தக் கோட்டில் தாவியது, மேலேயா கீழேயா, திருப்பத்திலா சமதரையிலா, கடைசியாக எத்தனை லிட்டர் போட்டு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். அதுவரை முள்ளை நம்பாமல், நிரப்பியதும் டிரிப் மீட்டரைச் சுழியாக்கி, ஓடிய தூரத்தை வைத்தே அடுத்த பெட்ரோலைப் போடுங்கள். டேங்க் அடிக்கடி வறண்டால் பெட்ரோலில் மூழ்கிக் குளிர்ந்துகொண்டிருக்கும் பம்ப்பும் போய்விடும், அதன் விலை ஃப்ளோட்டைப்போல் பல மடங்கு. பட்டறையில் ஸ்கேனர் மாட்டச் சொல்லி, பி0460 முதல் பி0464 வரை ஏதாவது கோளாறுக் குறியீடு இருக்கிறதா என்று கேளுங்கள். பி0461 வந்தால், வண்டி இத்தனை தூரம் ஓடியும் அளவு மாறவில்லையே என்று கணினியே சந்தேகப்படுகிறது என்று பொருள். பி0464 என்றால் விட்டு விட்டு வரும் கோளாறு. டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும் நாளில், காற்றோட்டமான இடத்தில், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஃப்ளோட்டை எடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஃப்ளோட்டை உங்கள் கையாலேயே மெல்லத் தூக்கி, மல்டிமீட்டர் எண் எங்கே அறுபடுகிறது என்று பாருங்கள். சீட்டில் எழுதிய அதே இடத்தில் அறுபட்டால் ஃப்ளோட்டை மாற்றச் சொல்லுங்கள். எங்குமே அறுபடாமல் ஒழுங்காக ஏறினால், அதைத் திரும்ப மாட்டிவிட்டு எர்த்தையும் கனெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.